பகலுக்கு மட்டும் ஓர் அறை

தங்கும் விடுதி நடத்துகிறவர்கள் எங்களைப் போன்றவர்களைக் கண்டுதான் அதிகம் பயப்படுகிறார்கள் என்பது எனக்கு அறுபத்தொன்பது வயதில் தெரியவந்தது. குடித்துவிட்டுத் தள்ளாடி வருகிறவனுக்குச் சாவி கொடுக்கிறார்கள். நெல்லூரிலிருந்து இறால் வாங்க வரும் வியாபாரிகள் நான்கு பேர் ஒரே அறையில் புகுந்து விடிய விடியச் சீட்டாடினாலும் கேட்பதில்லை. ஆனால் வயதான கணவனும் மனைவியும் பெட்டி எதுவும் இல்லாமல், பட்டப்பகலில், இதே ஊர் முகவரி போட்ட ஆதார் அட்டையோடு வந்து நின்றால் மேஜைக்குப் பின்னால் இருப்பவர் முதலில் எங்கள் முகத்தைப் பார்க்கிறார், அப்புறம் எங்கள் கையைப் பார்க்கிறார், அப்புறம் ரூம் இல்லை என்கிறார். அவருடைய தலைக்கு மேலே பலகையில் சாவிகள் தொங்குகின்றன. நாங்கள் ஏறிய முதல் விடுதியில் பதினாறு சாவிகள் தொங்கின. இரண்டாவது விடுதியில் ஒன்பது. அங்கே இருந்தவர் கொஞ்சம் நல்ல மாதிரி. மகனுடைய போன் நம்பரைக் கொடுங்கள், அவரிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுத் தருகிறேன் என்றார். மகனுக்குத் தெரியக் கூடாது என்பதற்காகத்தானே அங்கே போனோம்.

எண்ணுவது எனக்குப் பிழைப்பாக இருந்தது. துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிக்கும் குமாஸ்தா வேலை. கன்டெய்னர் பெட்டகங்கள் வந்த பிறகு எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று. உள்ளே என்ன இருந்தாலும் வெளியே ஒரு பெட்டி, ஒரு நம்பர். ஓய்வு பெற்ற பிறகும் கண் சும்மா இருப்பதில்லை. பஸ்ஸில் ஏறினால் கம்பிகள், கல்யாணத்துக்குப் போனால் இலைகள். இந்தக் கண்ணோடு குடித்தனம் நடத்தியது என் மனைவிதான்.

அவளுக்குக் குடலில் கட்டி வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை செய்தார்கள். வயிற்றின் இடது பக்கத்தில் குடலின் முனையை வெளியே எடுத்துத் தைத்து, அதன் மேல் ஒரு பையை ஒட்டி அனுப்பினார்கள். மலம் அந்த வழியாக வந்து பையில் சேரும். இதை இப்படி நேராக எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. எழுதாவிட்டால் மீதி எதுவும் விளங்காது. பையை வேண்டும்போது காலி செய்துகொள்ளலாம். ஆனால் வாரத்துக்கு ஒரு தடவையாவது பையைத் தாங்கித் தோலில் ஒட்டியிருக்கும் பசைத் தகட்டை முழுக்க உரித்தெடுத்து, வெந்நீரில் கழுவி, தோலை நன்றாகக் காயவிட்டு, புதுத் தகட்டில் அளவாக ஓட்டை வெட்டி ஒட்ட வேண்டும். ஓட்டை வெட்டுவதை நர்ஸம்மா எனக்குக் கற்றுக்கொடுத்தார். ஈரத்தோடு ஒட்டினால் ஒழுகும், ஒழுகினால் தோல் வெந்துபோகும், காயவிடுவதுதான் எல்லாமே என்று அவர் மூன்று தடவை சொன்னார்.

காயவிட இடம் வேண்டுமே. தண்டையார்பேட்டையில் நாங்கள் இருந்த பழைய அடுக்குமாடியை இடித்துக் கட்டப்போவதாகச் சொல்லிக் காலி செய்ய வைத்துவிட்டார்கள். கட்டி முடிக்கும்வரை கொருக்குப்பேட்டையில் மகன் வீட்டில் இருக்கிறோம். ஒரு அறை, ஒரு சமையலறை. மகன், மருமகள், இரண்டு பேத்திகள், நாங்கள் இருவர். ஒரே வரிசையில் எட்டு வீடுகள். எட்டுக்கும் சேர்த்து இரண்டு கக்கூஸ், ஒரு குளிக்கும் இடம். குளிக்கும் இடத்துக்குத் தகரக் கதவு. கதவுக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி. உள்ளே யார் நிற்கிறார்கள் என்று காலைப் பார்த்தே வரிசையில் நிற்கிறவர்கள் சொல்லிவிடுவார்கள். உள்ளே போய் ஐந்து நிமிடம் ஆனால் வெளியே வாளியால் தட்டுவார்கள்.

மருமகளைக் குறை சொல்ல முடியாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே, நான் செய்கிறேன் அத்தை என்று முன்வந்தாள். என் மனைவி கேட்கவில்லை. பை இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பார்த்தவர்கள் கிடையாது. சமையலறை மூலையில் சேலைக்குள்ளேயே கையை விட்டு அவசர அவசரமாக மாற்றிக்கொள்வாள். ஈரம் போகாது. தோல் சிவந்து, அப்புறம் புண்ணாகி, உட்கார்ந்தால் முனகல், எழுந்தால் முனகல். மருமகளிடம் விடேன் என்று ஒரு நாள் கோபமாகவே சொன்னேன்.

"அவ பாத்தா பரவால்ல. பேத்திங்க ஒரு நாளு மூக்கப் புடிச்சிக்கினு நின்னா நான் செத்துப் பூடுவேன்" என்றாள்.

விடுதி யோசனை அப்புறம்தான் வந்தது. வாரத்துக்கு ஒரு பகல், ஒரு கதவு, ஒரு குளியலறை, ஒரு மின்விசிறி. வேறு எதுவும் வேண்டாம். வீட்டில் ஆஸ்பத்திரி என்று சொல்லிக்கொள்ளலாம். விடுதியில் காரணத்தைச் சொல்லக் கூடாது என்று அவள் என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டாள். சொல்லியிருந்தால் ஒருவேளை முதல் விடுதியிலேயே கொடுத்திருப்பார்கள். சொல்லியிருந்தால் அவள் அந்தப் படியை மிதித்திருக்க மாட்டாள். இதை நான் எத்தனையோ விதமாகப் புரட்டிப் பார்த்துவிட்டேன், வேறு வழி தெரியவில்லை.

பெட்டி இல்லாததுதான் எங்களைக் காட்டிக்கொடுக்கிறது என்று இரண்டு விடுதிகளில் தெரிந்துகொண்டேன். மூன்றாவதற்குப் போகும்போது ஜிப் வைத்த பெரிய பயணப் பை ஒன்றில் இரண்டு தலையணைகளை அடைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரி பெஞ்சு குத்துகிறது என்று வீட்டில் சொல்லிவிடலாம், பார்க்கிறவர்களுக்குப் பையும் ஊருக்குப் போகிற பை மாதிரி புடைத்துக்கொண்டிருக்கும். ஷேர் ஆட்டோக்காரர்கூட எந்த ஊருக்கு என்று கேட்டார். மீஞ்சூர் என்று வாயில் வந்ததைச் சொன்னேன்.

அந்த மூன்றாவது விடுதி ராயபுரத்தில், மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற சாலையை ஒட்டிய சந்தில் இருந்தது. மூன்று மாடி, லிப்ட் கிடையாது. மேஜையில் இருந்த மேனேஜர் வண்ணாரப்பேட்டைக்காரர், ஐம்பது வயதிருக்கும், எல்லோரும் அவரை பாய் என்று கூப்பிட்டார்கள். பையைப் பார்த்தார். ஆஸ்பத்திரி கேஸா என்று அவரே கேட்டார். ஆமாம் என்றேன், அதில் பொய் எதுவும் இல்லை. டாக்டரைப் பார்த்துவிட்டு அம்மா கொஞ்சம் படுக்க வேண்டும், சாயங்காலத்துக்குள் காலி செய்துவிடுவோம் என்றேன். ஆதாரை நகல் எடுத்துக்கொண்டு இரண்டாம் மாடியில் சாவி கொடுத்தார்.

கதவைச் சாத்தியதும் நான் முதலில் பார்த்தது தாழ்ப்பாளை. தாழ்ப்பாள் இல்லை. மேலே இருந்திருக்கிறது, கழற்றிவிட்டார்கள். மரத்தில் நான்கு திருகாணி ஓட்டைகள் மட்டும் இருந்தன. கைப்பிடியோடு சேர்ந்த பூட்டு ஒன்றுதான். உள்ளே இருந்து திருப்பிப் பூட்டலாம், வெளியே இருந்து அவர்களிடம் உள்ள சாவியால் திறக்கவும் திறக்கலாம். கதவின் பின்னால் ஒரு காகிதத்தில் ஒன்பது விதிமுறைகள் ஒட்டியிருந்தன. அறையை எந்த நேரத்திலும் சோதிக்க நிர்வாகத்துக்கு உரிமை உண்டு என்பது ஏழாவது. அறைக்குள் இருக்கிறவருக்கு என்ன உரிமை உண்டு என்று ஒன்பதிலும் இல்லை. இதை நான் அவளிடம் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துக் கதவில் சாய்த்து வைத்தேன்.

அவள் அன்று குளித்த குளியலைப் பற்றி என்ன சொல்வது. வாளி நிரம்பும் சத்தம், மக்கில் மொண்டு ஊற்றும் சத்தம், மறுபடி வாளி நிரம்பும் சத்தம். யாரும் கதவைத் தட்டாத இடத்தில் அவள் குளித்து எவ்வளவு நாளாகியிருக்கும். வெளியே வந்து கட்டிலில் துண்டு விரித்து, மின்விசிறிக்கு நேராக வயிற்றைத் திறந்து போட்டுக்கொண்டு படுத்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு தகட்டை வெட்டினேன். சந்தில் ஐஸ் கட்டி ஏற்றிய லாரி ஒழுகிக்கொண்டு நின்றது. அதற்கும் அப்பால் துறைமுகத்துக் கிரேன்கள்.

படுத்தபடியே பேச ஆரம்பித்தாள். நாற்பத்து மூன்று வருடக் குடித்தனத்தில் நாங்கள் சண்டை போட்டிருக்கிறோம், கடையில் என்ன வாங்க வேண்டும் என்று பேசியிருக்கிறோம், மனம்விட்டுப் பேசியதில்லை. பேச இடம் இருந்ததில்லை. எப்போதும் பக்கத்தில் யாராவது இருந்தார்கள். அந்த அறையில்தான் அவள் தனக்குப் பயமாக இருக்கிறது என்று என்னிடம் சொன்னாள். நான் தூக்கத்தில் எண்ணுவேன் என்று சொன்னாள். கல்யாணமான புதிதில் அதைக் கேட்டுப் பணக்காரன் வீட்டில் வாழ்க்கைப்பட்டோம் என்று நினைத்தாளாம். "மொதல்ல நான் பூட்டா, அந்தப் பொண்ணுகிட்ட சோத்துல உப்பு இல்ல, பருப்புல கல்லு கீதுன்னு பேஜாரு பண்ணாதீங்க" என்றாள். சரி என்றேன். அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமைதோறும் அங்கே போனோம். அந்தச் செவ்வாய்க்கிழமைகள் எனக்கும் வேண்டியிருந்தன. அவளுக்குத் தோலுக்காக, எனக்கு இதற்காக.

ஆனால் அந்த விடுதியில் ஒரு வழக்கம் இருந்தது. அறையைப் பார்த்துக்கொள்ளும் ஆள் பகலில் இரண்டு முறை ஒவ்வொரு கதவாகத் தட்டுவார். நெட்டுக்குப்பத்துக்காரர், ஆற்றில் இறால் பிடித்தவர். ஆற்றில் இப்போது அனல்மின் நிலையத்துச் சாம்பல்தான் மிச்சம் என்று இங்கே வந்துவிட்டதாகச் சொன்னார். தட்டிவிட்டு, தண்ணி வேணுமா நைனா என்பார். வேண்டாம் என்றால் போகமாட்டார். அம்மாவுக்கு என்று கேட்பார். அவளும் வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் செருப்புச் சத்தம் நகரும். தண்ணீர் கொடுக்கத் தட்டவில்லை என்பது இரண்டாவது வாரமே எனக்குப் புரிந்துவிட்டது. உள்ளே எத்தனை பேர் போனார்களோ அத்தனை பேரின் குரலும் அவர் காதில் விழ வேண்டும். ஒரு குரல் குறைந்தால் கீழே போய்ச் சொல்ல வேண்டும்.

அவள் இதை வெறுத்தாள். குளியலறையில் தகட்டை உரித்துக்கொண்டு நிற்கும்போது, முகம் தெரியாத ஆண்பிள்ளைக்குக் கதவு தாண்டிக் கேட்கும்படி வேண்டாம் என்று கத்த வேண்டும். "ஆஜர் எடுக்குறான் பாரு" என்று முணுமுணுப்பாள். இருந்தாலும் கத்தினாள். ஐந்து செவ்வாய் அப்படிப் போயிற்று. புண் ஆறத் தொடங்கியது.

ஆறாவது செவ்வாய் நாங்கள் படி ஏறும்போது, அவள் நடக்கச் சிரமப்படுவதைப் பார்த்து அந்த ஆள் ஓடிவந்து என் கையிலிருந்த பையை வாங்கினார். எவ்வளவோ வேண்டாம் என்றேன். தூக்கியவர் ஒரு படி தடுமாறினார். கனமாக இருக்கும் என்று எதிர்பார்த்துத் தூக்கியிருக்கிறார்.

"இன்னா நைனா, பையில காத்தடச்சி எட்த்தாந்துகீறியா" என்று சிரித்தார்.

நானும் சிரித்துவைத்தேன். அறைக்குள் பையை வைத்துவிட்டு, அதை ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். அப்போது அவர் சிரிக்கவில்லை. என் மனைவி தோளில் மாட்டியிருந்த துணிப்பையைப் பார்த்தார். அதற்குள்தான் மருந்துக்கடைக் காகிதத்தில் சுற்றிய பொட்டலங்கள் இருந்தன. பிறகு மேலே, மின்விசிறியைப் பார்த்தார். இறங்கிப் போய்விட்டார்.

அந்த வாரம் வீட்டில் மகனுக்கும் மருமகளுக்கும் காய்ச்சல், சமையல் முழுக்க என் மனைவி தலையில் விழுந்திருந்தது. நான்கு இரவாக அவள் தூங்கவில்லை. குளித்துவிட்டு வந்து படுத்தவள், ஏதோ பேச வாயெடுத்து, பேச்சு முடிவதற்குள் தூங்கிப்போனாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. வயிறு திறந்தபடி, அந்தச் சிவப்புச் சதையைச் சுற்றித் தோல் நன்றாக உலர்ந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவள் மல்லாந்து படுத்துத் தூங்கி அன்றுதான் பார்க்கிறேன். கத்தரிக்கோல் சத்தம்கூட எழாமல் மெதுவாக வெட்டினேன்.

கதவு தட்டப்பட்டது.

"தண்ணி வோணுமா நைனா?"

வேண்டாம் என்று கதவருகே போய்த் தணிந்த குரலில் சொன்னேன்.

"அம்மாவுக்கு?"

"தூங்குறாங்க."

செருப்புச் சத்தம் நகரவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் அவர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது.

"ஒரு கொரலு குடுக்கச் சொல்லு நைனா. நான் பூடறேன்."

"தூங்குறவ எப்டிப்பா கொரலு குடுப்பா? அப்புறம் வா."

"எய்ப்பு நைனா."

"எழுப்ப மாட்டேன். போ."

இப்போது யோசித்தாலும் நான் எழுப்பியிருக்க மாட்டேன். ஒருவன் தன் பெண்டாட்டி தூங்குகிறாள் என்று சொன்னால் அதை நம்புவதற்கு இன்னொருவனுக்கு என்ன கஷ்டம்? எழுப்பினால் அவளுக்கு மறுபடி அந்தத் தூக்கம் எப்போது வரும்? அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் இத்தனை பொய், இத்தனை படி. செருப்புச் சத்தம் கீழே இறங்குவதைக் கேட்டு, சனியன் ஒழிந்தது என்றுதான் நினைத்தேன். நாற்காலி கதவில் சாய்ந்திருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டேன்.

அவர்கள் தட்டவில்லை. சாவி திரும்பியது. நாற்காலி சரிந்து விழுந்து கதவு முழுதாகத் திறந்துகொண்டது. முன்னால் அறை ஆள், அவருக்குப் பின்னால் மூச்சு வாங்கியபடி மேனேஜர் பாய். எதிர் அறையில் தங்கியிருந்த இறால் வியாபாரி சத்தம் கேட்டு வாயில் பல்துலக்கும் பிரஷ்ஷோடு பாயின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

நான் கட்டிலுக்கும் அவர்களுக்கும் நடுவில் போய் நிற்பதற்குள் அவள் விழித்துவிட்டாள். கத்தவில்லை. பக்கத்தில் கிடந்த சேலைத் தலைப்பை எடுத்தாள். வயிற்றை மூடவில்லை. முகத்தை மூடிக்கொண்டாள். அவள் பயந்ததில் அந்தச் சதை சுருங்கி விரிந்தது, துண்டில் கொஞ்சம் ஒழுகியது. நாற்றம் வந்தது. யாரும் நகரவில்லை. அறை ஆள் அவளுடைய மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கண்ணில் வேறு எதுவும் பட்டதாகத் தெரியவில்லை.

"உசுரோட கீறாங்க பாய்" என்றார்.

பாய் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, மன்னிச்சிடுங்கம்மா, மன்னிச்சிடுங்க என்று இரண்டு தடவை சொன்னார். வியாபாரியைத் தோளைப் பிடித்து வெளியே தள்ளினார். கதவைச் சாத்திக்கொண்டு போனார்கள்.

நான் தகட்டை ஒட்டினேன். கோணலாக ஒட்டியது. அவள் முகத்திலிருந்து சேலையை எடுக்கவே இல்லை. துண்டை நானே அலசிப் பிழிந்து போட்டேன்.

கீழே இறங்கியபோது பாய் எழுந்து நின்றார். டீ வாங்கி வைத்திருந்தார். அவள் தொடவில்லை, வாசல் பக்கம் பார்த்து நின்றாள். தலையணைப் பையைத் தூக்கிக்கொண்டு வந்த அறை ஆள் என்னைத் தனியாக ஓரத்துக்குக் கூப்பிட்டார். போன வருடம் இதே மாடியில் ஒரு பெரியவரும் அவர் சம்சாரமும் தங்கியிருந்தார்களாம். தட்டியபோது பெரியவர் மட்டும் குரல் கொடுத்தாராம்.

"அம்மா தூங்குறாங்க, எய்ப்பாதேன்னாரு நைனா. நானும் நம்பிப் பூட்டேன். உன்ன மாதிரியேதான், அமைதியா சொன்னாரு" என்றார்.

தாழ்ப்பாளை உடைத்துத்தான் இரண்டு பேரையும் வெளியே தூக்கினார்களாம். அவருடைய இடத்தில் இருந்திருந்தால் நானும் சாவியைத் தேடி ஓடியிருப்பேன். இது எனக்கு ஆறுதலாக இல்லை. யார் மேலாவது கோபப்பட முடிந்தால் கொஞ்சம் தேவலாம் போல இருந்தது. தாழ்ப்பாளைக் கழற்றியவன் மேல், ஏழாவது விதியை எழுதியவன் மேல், எங்கள் அடுக்குமாடியை இடித்துவிட்டுப் பள்ளமாகவே போட்டு வைத்திருப்பவன் மேல். முகம் தெரியாத அத்தனை பேர் மேலும் எவ்வளவு நேரம் கோபப்படுவது?

பாய் என்னிடம், இனிமேல் நீங்கள் எப்போது வேண்டுமானாலும் வரலாம், பை தூக்கிக்கொண்டு வர வேண்டாம், உங்கள் கதவை ஒருத்தரும் தட்ட மாட்டார்கள் என்றார். மனதாரத்தான் சொன்னார்.

"எங்களுக்குத்தான் இப்ப விஷயம் தெரியுமே பெரியவரே" என்றார்.

அது அவள் காதிலும் விழுந்தது.

ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் போகவும் இல்லை, நிற்கவும் இல்லை, ஊர்ந்துகொண்டிருந்தது. மற்ற பயணிகள் இறங்கி நடந்துவிட்டார்கள். அப்போதுதான் அவள் பேசினாள்.

"நாலு பேரு பாத்தாச்சு."

"மூணு பேருதான்" என்றேன். அறை ஆள், பாய், வியாபாரி. எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்களுந்தான்" என்றாள்.

அத்தனை செவ்வாயும் நான் ஜன்னலைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தேன் என்று சொல்ல நினைத்தேன். தகட்டை ஒட்டும்போது பார்க்காமல் ஒட்ட முடியுமா என்று கேட்க நினைத்தேன். அந்த மூன்று பேரோடு என்னையும் சேர்த்து எண்ணிவிட்டாளே என்று நினைத்தேன். கேட் திறந்தது, ஆட்டோ நகர்ந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் நான் தலையணைகளைப் பைக்குள் அடைத்து ஜிப்பை மூடி வைத்தேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். கிளம்பலாமா என்றேன். பையைத் திறந்து தலையணைகளை எடுத்துப் பழையபடி அடுக்கினாள். அன்று ஒன்றும் செய்யவில்லை. அதற்கு அடுத்த நாள், மகன் வேலைக்கும் பேத்திகள் பள்ளிக்கும் போன பிறகு, சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த மருமகளைக் கூப்பிட்டாள்.

"நீ செய்றன்னு சொன்னியே, செய்வியா?"

மருமகள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஏன் இத்தனை நாள், ஏன் இப்போது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அறைக்கு நடுவில் கொடி கட்டிப் பழைய சேலை ஒன்றைத் தொங்கவிட்டாள். ஸ்டவ்வில் வெந்நீர் வைத்தாள். நான் தகட்டையும் கத்தரிக்கோலையும் எடுத்துக்கொண்டு என் இடத்தில் போய் உட்காரப் போனேன்.

"நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்றாள் என் மனைவி.

அப்போதிலிருந்து அப்படித்தான். மருமகளுக்கு நல்ல கைப்பக்குவம். தகடு ஒழுகுவதில்லை. புண் ஆறிவிட்டது, போன முறை பார்த்த டாக்டர் பாராட்டினார். பக்கத்து வீடுகளுக்கும் இப்போது விஷயம் தெரியும், அந்த நேரத்தில் குளிக்கும் இடத்தைக் கேட்காமலே விட்டுக்கொடுக்கிறார்கள். நான் பயந்தது எதுவும் நடக்கவில்லை என்று சொல்லலாம். அவள் பயந்தது நடந்தது. ஒரு விடுமுறை நாளில் சின்னப் பேத்தி சேலையை விலக்கிக்கொண்டு ஓடிவந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஐந்து வயதுக் குழந்தை, அதற்கு என்ன தெரியும். மருமகள் குழந்தையின் முதுகில் ஒன்று வைத்தாள். என் மனைவி, அடிக்காதே, விடு என்றாள். அவள் சாகவில்லை. அன்றிலிருந்து ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டாள். காலையில் இரண்டு இட்லி, மத்தியானம் கைப்பிடிச் சோறு. குறைவாகச் சாப்பிட்டால் குறைவாக வரும் என்பது அவள் கணக்கு. தோள்பட்டை எலும்பு தெரிய ஆரம்பித்துவிட்டது. இதை டாக்டர் கவனிக்கவில்லை, அவர் புண்ணைத்தான் பார்த்தார்.

என்னோடு பேசுகிறாள். மாத்திரை தீர்ந்துவிட்டது, பால் வாங்க வேண்டும், கரண்ட் போய்விட்டது. அந்த அறையில் பேசிய மாதிரி எதுவும் இல்லை. இங்கே எப்படிப் பேச முடியும், ஆறு பேர் இருக்கிற இடத்தில் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நாங்கள் இருவர் மட்டும் இருக்கிற நேரமும் இருக்கத்தான் செய்கிறது. அப்போது அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள்.

நேற்றும் வெளியே நின்றேன். தண்டவாளத்தை ஒட்டிய சந்து, வெயில் நேராக இறங்கியது. மூன்றாவது வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். இன்னா நைனா வெயில்ல நிக்கிற என்று கேட்டார். காற்று வாங்குகிறேன் என்றேன். சந்தில் காற்று எங்கே இருக்கிறது என்பது போலப் பார்த்துவிட்டுப் போனார்.

உள்ளே தகட்டின் உறையைக் கிழிக்கும் சத்தம் கேட்டது. போன மாதத்திலிருந்து அந்தச் சதை சுருங்கியிருப்பதாக டாக்டர் சொல்லியிருந்தார், பழைய அளவுக்கு வெட்டினால் ஓரத்தில் இடைவெளி விழும். கதவுக்குப் பக்கத்தில் போய், ஓட்டையை ஒரு சுற்று சின்னதாக வெட்ட வேண்டும் என்று சொன்னேன்.

"தெரியும் மாமா" என்றாள் மருமகள்.

என் மனைவியின் குரலும் வருகிறதா என்று காது கொடுத்துப் பார்த்தேன். நான் மறுபடி பழைய இடத்துக்கே வந்து நின்றுகொண்டேன்.